199 பவுண்டுக்கு 16 கோல்: ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் 2017-18 சீசன் கார்டு ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கால்பந்தில் கோல் பார்க்க ஆசைப்படுகிறவர் இந்த மாதிரிக் கார்டை, அதாவது ஒரு கிளப்பின் சொந்த மைதான லீக் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் சீசன் டிக்கெட்டை, வாங்க வேண்டாம். சொந்த மைதானத்தில் 19 ஆட்டம், நம் ஆட்கள் போட்ட கணக்கில் வந்த கோல் மொத்தம் 16. கார்டின் விலை 199 பவுண்டு என்றால் ஒரு கோலுக்குப் பன்னிரண்டரை பவுண்டு கொடுத்திருக்கிறோம். ஆட்டக் கணக்கில் பார்த்தால் ஒன்றுக்குப் பத்தரை பவுண்டு, அதே லீகில் லண்டன் பக்கம் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அதைப்போல ஐந்தாறு மடங்கு கேட்பார்கள். எந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது கொள்ளை மலிவா கொள்ளையா என்று முடிவாகும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஹடர்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் பழைய கம்பளி ஆலை ஊர், லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடலாம். 1924, 25, 26 என்று தொடர்ந்து மூன்று வருடம் இங்கிலாந்தின் சாம்பியன் இவர்கள்தான், நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. அப்புறம் 1972இல் மேல் டிவிஷனிலிருந்து இறங்கியவர்கள் 45 வருடம் திரும்பி வரவே இல்லை. 2017இல் வந்த விதமும் விசித்திரம்: இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் போட்ட கோலைவிட வாங்கிய கோல் அதிகம், மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ரெடிங் அணியோடு கோலே இல்லாமல் 120 நிமிடம், பெனால்டியில் 4-3. கடைசி பெனால்டியை அடித்தவர் ஷிண்ட்லர், ஒரு டிஃபெண்டர். கோல் போடாமலே மேலே ஏறிய அணியிடம் மேலே போனதும் கோல் எதிர்பார்ப்பது நம் பேராசைதான்.

ஏற்கெனவே கார்டு வைத்திருந்தவர்களுக்கு 199. 2010இல் அப்போதைய தலைவர் டீன் ஹோய்ல் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், விடாமல் கார்டைப் புதுப்பித்து வருகிறவர்களுக்கு, மேல் டிவிஷனான பிரீமியர் லீக் போனால் 100 பவுண்டுதான் என்று. அதை அப்படியே காப்பாற்றினார்கள். பத்திரிகைகள் எல்லாம் ஆஹா ஓஹோ என்று எழுதின. பாராட்டலாம், தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரங்கில் சுமார் 24,500 இருக்கை, அத்தனையையும் 199க்கே விற்றாலும் 50 லட்சம் பவுண்டுக்குக் கீழேதான் வரும். அந்த வருடம் கடைசி இடத்தில் வந்த வெஸ்ட் பிராமுக்கே லீகின் டிவி, விளம்பரப் பணத்தில் ஒன்பது கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதாவது நம் 199 அவர்களுக்குச் சில்லறை. சத்தம் போட ஆள் வேண்டும், அரங்கு நிறைந்து தெரிய வேண்டும், அதற்கு நம்மை மலிவாகக் கூப்பிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் எனக்கு வருத்தமும் இல்லை. பெரிய கிளப்புகளும் கொஞ்சம் குறைக்கலாம், குறைக்க மாட்டேன் என்கிறார்கள்.

அரங்கு நன்றாக இருக்கும். ஸ்டேஷனிலிருந்து இறக்கத்தில் நடந்தே போகலாம், ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த மேடு, வளைந்த வெள்ளை இரும்புத் தாங்கிகளில் தொங்குகிற கூரை. 1995இல் கட்டடக் கலைக்கான பரிசு வாங்கியது. எங்கே உட்கார்ந்தாலும் மைதானம் முழுக்கத் தெரியும். ஜனவரியில் இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

சரி, சரக்குக்கு வருவோம்.

ஆகஸ்டில் நியூகாசில் வந்தபோது நம் நடுக்கள ஆட்டக்காரர் மூய் ஒரு கோல் போட்டார், கசுங்காவிடம் பந்தைக் கொடுத்து வாங்கி, பெட்டிக்கு வெளியிலிருந்தே வளைத்து அடித்தார். அந்த ஒரு கோலுக்கே கார்டில் பாதிக் காசு வந்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். அக்டோபர் 21, மான்செஸ்டர் யுனைடெட். மூய் ஒன்று, அடுத்து நம் கீப்பர் லாஸ்ல் நீளமாக உதைத்த பந்தை அவர்களுடைய லிண்டலோஃப் தலையால் முட்டத் தவறவிட, நம் டெபுவாட்ர் அவர்கள் கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டாவது. 2-1. யுனைடெட்டை இவர்கள் கடைசியாக வென்றது 1952இல்! என் வரிசையில் இருந்த தாத்தா ஒருவர் அந்தக் கடைசி பத்து நிமிடம் மைதானத்தைப் பார்க்கவே இல்லை, முகத்தை ஸ்கார்ஃபில் பொத்திக்கொண்டு "இன்னும் எவ்வளவு, இன்னும் எவ்வளவு" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நவம்பரில் வெஸ்ட் பிராமோடு வான் லா பாரா தூரத்திலிருந்து சுழற்றிவிட்டது இன்னொன்று, ஷிண்ட்லர் சிவப்பு அட்டை வாங்கிப் போன பிறகு பத்துப் பேரை வைத்துக்கொண்டு அந்த 1-0வைக் காப்பாற்றினார்கள். போர்ன்மத்தை 4-1. வீட்டில் ஆறு வெற்றி, இதில் மனசில் நிற்பவை இவை.

மற்றதையும் சொல்லவேண்டுமே. டாட்டன்ஹாம் 4, வெஸ்ட் ஹாம் 4, லிவர்பூல் 3, செல்சி 3 என்று வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் அடி வாங்கிய ஆட்டங்களைக்கூட மன்னித்துவிடுவேன், மார்ச் 10 அன்று ஸ்வான்சி வந்த ஆட்டத்தை மன்னிக்க முடியாது. 11ஆவது நிமிடத்திலேயே அவர்களில் ஒருவர் வெளியே போய்விட்டார். மிச்ச நேரம் முழுக்கப் பந்து நம்மிடம்தான். நம் பக்கம் 30 ஷாட், அவர்கள் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. முடிவு 0-0. கம்பத்தில் பட்டது, கீப்பர் மேல் பட்டது, ஆட்கள் மேல் பட்டது, வலையைத் தவிர எல்லாவற்றிலும் பட்டது. வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றிய நாள் அது ஒன்றுதான்.

பிறகு ஏப்ரல் 14, வாட்ஃபோர்டு. 90 நிமிடம் கோல் இல்லை, கடைசி மூன்று இடத்தில் நின்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கம் என்பதால் எல்லோரும் புள்ளிப் பட்டியலை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறோம், 91ஆவது நிமிடத்தில் நம் டாம் இன்ஸ் கோல். அந்தச் சத்தத்தை விவரிக்க மாட்டேன், போய்க் கேளுங்கள். 35 புள்ளி. நம்மூர்ப் பத்தாம் வகுப்பில் என்றால் அத்தோடு பாஸ், ஆனால் இங்கே பாஸ் மார்க் என்னவென்று பரீட்சை முடிந்த பிறகுதான் அறிவிப்பார்கள்.

இந்தக் கார்டின் பெரிய குறை இதற்குப் பிறகுதான் தெரிகிறது. கிளப்பைக் காப்பாற்றிய இரண்டு ஆட்டமும் கார்டில் கிடையாது. மே 6 மான்செஸ்டர் சிட்டியில், அவர்கள் கோப்பையைத் தூக்கும் நாள். அந்த சீசனில் 106 கோல் போட்ட அணி, சொந்த மைதானத்தில் கோல் போட முடியாமல் போன ஒரே லீக் ஆட்டம் இதுதான், 0-0. மூன்று நாள் கழித்து செல்சியில் டெபுவாட்ர் கோல், செல்சிக்கு வந்த சமன் கோலோ அலோன்சோவின் முகத்தில் பட்டு உள்ளே போனது, கடைசியில் செல்சியின் கிறிஸ்டென்சன் தலையால் முட்டியதை லாஸ்ல் கம்பத்தில் தட்டிவிட்டது, 1-1. அதோடு தப்பித்தார்கள். வெளியூர் ஆட்ட டிக்கெட்டுக்கு லீக் வைத்த உச்சவரம்பு 30 பவுண்டு, அது சரி, ஆனால் இருக்கை மிகக் குறைவு, வழக்கமாக வெளியூர் போகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. நானெல்லாம் இரண்டையும் திரையில்தான் பார்த்தேன், கார்டு பர்ஸில் சும்மா இருந்தது. நம் பயிற்சியாளர் வாக்னரின் பாணி பிடித்தவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்: அவருடைய அணி முன்னால் ஓடிப் பிடுங்குகிற அணி என்று பேர் வாங்கியது, மே மாதம் தப்பித்ததோ கூட்டமாகப் பின்னால் நின்றுதான். அந்த ஆட்டம் வெளியூருக்கே பொருத்தம்.

முடிவில் 16ஆவது இடம், 37 புள்ளி, 38 ஆட்டத்தில் 28 கோல். ஸ்வான்சியும் ஸ்டோக்கும் 33இல் நின்று இறங்கின. வீட்டில் கடைசி ஆட்டம் ஆர்சனலோடு, அவர்கள் பயிற்சியாளர் வெங்கருக்கு அங்கே அதுதான் கடைசி ஆட்டம், தோற்றோம், யாருக்கும் கவலையே இல்லை, அவருக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு வந்தோம்.

யாருக்கு இது சரிப்படும்? சின்ன கிளப் மேலே ஏறிய முதல் வருடக் கார்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், கூடவே வெளியூர் ஆட்டங்களுக்கும் ஆகஸ்டிலிருந்தே போய் முன்னுரிமை சேர்த்துவையுங்கள், மே மாதம் உதவும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் 0-0வுக்குப் பழக்கிவிட்டுக் கூட்டிப்போகவும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றை ஸ்வான்சி ஆட்டத்துக்காகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடமும் புதுப்பித்தேன். அதற்குத் தனி ரிவ்யூ தேவையில்லை: மொத்தம் 16 புள்ளி, மார்ச் முடியும் முன்பே இறக்கம், வீட்டில் போட்டது 10 கோல். அதில் முதலாவது வந்தது நவம்பர் 5ஆம் தேதி, அதையும் ஃபுல்ஹாம் ஆள்தான் தன் வலையிலேயே முட்டிப் போட்டுக் கொடுத்தார். அதற்கும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினோம்.