டிவி சுவருக்கு லூவர் பேனல்: நம்ம ஊர் ஓதத்துக்குத் தாங்குமா?

கடலூர், புதுச்சேரி பக்கம் இப்போது புதுமனை புகுவிழாவுக்குப் போனால், ஹாலில் டிவிக்குப் பின்னால் கோடு கோடாய் லூவர் பேனல் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம். முன்பு அந்த இடத்தில் வால்பேப்பர் இருந்தது. ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) ஏறியதும் ஓரத்தில் உரிந்து காட்டிக்கொடுத்துவிடும். லூவர் உரியாது, நனைந்தாலும் ஊறாது என்று கடையில் சொல்வது உண்மைதான். ஆனால் அதனாலேயே சுவருக்கு என்ன ஆகிறது என்பது வெளியே தெரியாது.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. டபிள்யூபிசி என்பது மரத்தூள், பிவிசி, சுண்ணாம்புக்கல் பொடி கலந்தது. உள்ளே கூடாக இருக்கும். பரவலாகக் கிடைப்பது 160 மி.மீ அகலம், 24 மி.மீ கனம், 2900 மி.மீ (ஒன்பதரை அடி) நீளம். சார்கோல் பேனல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். லேசானது, வெட்டச் சுலபம், தீப்பற்றினால் கரும்புகை கக்கும். ஹாலுக்கு டபிள்யூபிசி போதும். பூஜை அலமாரி ஓரத்தில் இரண்டுமே வேண்டாம்: பிவிசி ஏறத்தாழ 80 டிகிரியிலேயே இளகும், கார்த்திகை அன்று வரிசையாக அகல் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

கடையில் பீஸின் வெட்டுமுனையைப் பாருங்கள். கூட்டின் சுவர் மெல்லியதாக, வளைத்தால் வெடுக்கென்று முறிவதாக இருந்தால் கல்பொடி அதிகம். ஆணி அடிக்கும்போது நாக்கு (அடுத்த பீஸின் பள்ளத்துக்குள் நுழையும் ஓரப் பட்டை) உடையும். மேலே ஒட்டிய ஃபிலிமை ஓரத்தில் நகத்தால் நெருடிப் பாருங்கள், தூக்கினால் அந்தச் சரக்கு வேண்டாம். எல்லா பீஸும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும், பத்து பீஸ் கழித்து நிறம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

அகலக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாக்கு பள்ளத்துக்குள் போனபின் 160 மி.மீ முழுதாக வெளியே தெரியாது. தெரியும் அகலம் 150 மி.மீ என்றால், 10 அடி (3048 மி.மீ) சுவருக்கு 21 பீஸ், வெட்டுச் சேதத்துக்கு ஒன்று, ஆக 22. 160-ஐ வைத்து வகுத்து 20 பீஸ் வாங்கினால் கடைசி இரண்டு அங்குலம் மொட்டையாக நிற்கும். கூரை 10 அடி உயரம் என்றால் பீஸ் அரை அடி குறையும். கீழே 4 அங்குல ஸ்கர்ட்டிங், மேலே கார்னிஸ் வைத்து மூடலாம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி ஓதம். தேவனாம்பட்டினம், முதுநகர், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் தரைத்தள வெளிச்சுவர் உப்பு பூப்பது சாதாரணம். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பட்டி (பெயின்டுக்கு அடியில் பூசும் மாவு) பொரிந்திருந்தால் அதன்மேல் பேனல் அடிக்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் சுவரையும் சோதியுங்கள்: இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்து கட்டினால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் மட்டும் கட்டினால் காற்றின் ஈரம்தான். புதுப் பூச்சென்றால் ஒரு மாதமாவது உலரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். தை பிறந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி வெள்ளை நகரப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் இழுக்கும் ஈரத்தைத் தானே காற்றில் விட்டுவிடும். அதை பிவிசியால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு மாவாக உதிரும். அந்தச் சுவரை அப்படியே விடுவதுதான் அழகும்கூட.

மாட்டும் முறைக்கு வருவோம். பல ஆசாரிகள் முதலில் 6 மி.மீ கமர்ஷியல் பிளைவுட் அடித்து அதன்மேல் லூவர் ஒட்டுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கரையான் பேனலை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பிளையைத் தின்றுவிடும். அலுமினியச் சேனலை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே கட்டி, நாக்கில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். சாதாரண இரும்பு ஆணி கடல் காற்றில் சீக்கிரமே துருவைக் கசியவிடும். ஸ்கர்ட்டிங்கிலும் மேல் ஓரத்திலும் சிறு இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். முதல் பீஸை ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள், அது சாய்ந்தால் இருபதும் சாயும்.

டிவி எடையைக் கூடான பேனல் தாங்காது. பிராக்கெட் வரும் இடத்தில் 18 மி.மீ கெட்டி டபிள்யூபிசி பலகையைச் சுவரோடு இறுக்கிவிட்டு, ஸ்க்ரூ சுவர் வரை போகும் நீளத்தில் வாங்குங்கள். சுவிட்ச் பாக்ஸும் பேனலின் 24 மி.மீ, அதோடு சேனல் கனம் அளவுக்கு முன்னால் வரவேண்டும். எல்இடி பட்டையின் டிரைவரை (அதற்கு மின்சாரம் தரும் சிறு பெட்டி) பேனலுக்குள் புதைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் பழுதாவது அதுதான், மாற்ற இரண்டு பீஸைப் பிடுங்க வேண்டிவரும். டிவி யூனிட்டின் இழுப்பறைக்குப் பின்னால் வைத்தால் கை எட்டும்.

ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். ஹாலின் நான்கு பக்கமும் அடித்தால் ஒன்று. கோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் படியும் தூசியை வாரம் ஒருமுறை பிரஷ் வைத்து எடுக்கப்போவது யார் என்று முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.