மூடுபனிக் காட்சிதான் பரீட்சை: ஓடிடியா, புளூ-ரேயா?

ஓடிடி சந்தா இருக்கும்போதே குன்னூர் வீட்டுக்கு, டிவிடியைவிடத் தரமான வட்டுகளை ஓட்டும் ஒரு புளூ-ரே பிளேயர் வாங்கினேன். எதற்கு இரண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் மூடுபனி.

வசதியில் ஓடிடியை எதுவும் நெருங்க முடியாது. புதிய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை வட்டில் வருவதே இல்லை. டிவிடியையும் இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டாம். 720க்கு 576 புள்ளிகள் இன்றைய பெரிய திரைக்குப் போதாது. வேறு எதிலும் கிடைக்காத பழைய படங்களுக்காக மட்டும் சில டிவிடிகளை வைத்திருக்கிறேன்.

படத்தரம் என்றதும் பலர் முகத்தின் தெளிவையும் நிறத்தின் பளிச்சென்ற தன்மையையும் பார்க்கிறார்கள். அந்தப் பரீட்சையில் எல்லாமே தேறிவிடும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த நெருக்கக் காட்சியை ஓடிடி அழகாகவே காட்டும். புளூ-ரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே தரத்தில் வரும்போது சில நேரம் என் வட்டைவிடக் கூர்மையாகவும் இருக்கிறது. தேயிலைச் சரிவில் பனி இறங்கும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் அங்கே தெரியும்.

ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எட்டு பிட்டில், அதாவது எட்டு 0-1 இலக்கங்களில், குறிக்கும் சாதாரணக் காணொளியில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சுமார் 220 படிகள்தான் உண்டு. மூடுபனி அவற்றில் மிகச் சில சாம்பல் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரை முழுவதும் பரவுகிறது. ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பு கண்ணில் படாமல் காப்பது படச்சுருளின் நுண்துகள்கள். அவை ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால் சுருக்குவது கடினம். விநாடிக்குக் கிடைக்கும் பிட்டுகள் போதாதபோது முதலில் பலியாவது அவைதான். துகள் போனதும் நில வரைபடத்தின் உயரக்கோடுகள்போலப் பனி பட்டை பட்டையாகப் பிரிகிறது. கேமரா நகர்ந்தால் அந்தப் பட்டைகளும் ஊர்கின்றன. தினமும் ஜன்னலுக்கு வெளியே உண்மையான பனியைப் பார்ப்பவர்களால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

புளூ-ரேயில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் 4கேக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். அதற்குள் அந்த நான்கு மடங்கு புள்ளிகளை அடக்க வேண்டும். புதிய சுருக்க முறைகள் திறமையானவை என்பதை மறுக்கவில்லை. வெளிச்ச வேறுபாட்டை விரிவாகக் காட்டும் எச்டிஆர் முறையில் பத்து பிட் இருப்பதால் பட்டைகளும் குறைகின்றன. ஆனால் துகள் திரும்பி வருவதில்லை. ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த மலை இது. கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகளை அழுக்கு என்று இங்கே யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் படமே அதனால் ஆனது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வட்டு தயாரிக்கும்போதே துகளைத் துடைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய வட்டில் முகங்கள் மெழுகு பூசியதுபோல வழவழக்கும். அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

ஒப்பிடும் முன் டிவியில் 'விவிட்' அமைப்பை விட்டு சினிமா அமைப்புக்கு மாறுங்கள். ஷார்ப்னஸைக் குறைத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். காட்சியை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டாம், குறை ஓடும்போதுதான் வெளிப்படும்.

ஒலியில் என் பிடிவாதம் இவ்வளவு இல்லை. நல்ல புளூ-ரேயில் மூல ஒலி இழப்பின்றி வருகிறது. ஓடிடியில் பெரும்பாலும் சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸ்தான். தனி ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவர்களுக்கு, மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் உள்ள தூரத்தில் வித்தியாசம் புரியும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஐப்பசியில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒலித்தடம் கொண்ட பழைய மோனோ படங்களைப் பொறுத்தவரை, 5.1 என்று பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கட்டியதைவிட மூல மோனோ ஒலியே எனக்குப் பிடிக்கிறது, அது எதில் கிடைத்தாலும் சரி.

பராமரிப்பில் ஓடிடிக்கு வேலையே இல்லை. இந்த ஈரத்தில் வட்டுக்கு உண்டு: அட்டை உப்பும், பூஞ்சை பிடிக்கும். நான் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். புளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் அடியிலேயே இருப்பதால் மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத்தான் துடைக்க வேண்டும். சுழற்றித் துடைக்கக் கூடாது.

புதிய படங்களை ஒருமுறை பார்த்து நகர்பவர்கள் பிளேயர் வாங்க வேண்டாம். விரும்பிய சில படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் வாங்கலாம். 4கே தரத்திலேயே வரும் புளூ-ரே வட்டை நண்பர் வீட்டில் சிறிது நேரம் பார்த்ததோடு சரி. பத்து பிட்டும் தாராளமான பிட் அளவும் சேர்ந்த அதுதான் மூடுபனிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. என் டிவியில் போட்டுப் பார்க்காமல் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.