தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் கார்: ஓடும்போது மிஞ்சும் கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு?

கம்பெனி கொடுத்த விவரத்தாளில் 120 மி.மீ. என்று இருக்கும். 30 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டால் 90 மிஞ்சும், அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது நிற்கிற காரின் கணக்கு. ஆள் ஏறி, டேங்க் நிரம்பி, பிரேக் பிடித்து, பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அடி தட்டுமா தட்டாதா என்பதைத் தீர்மானிக்கும். தாழ்த்திய காரை வருடக்கணக்கில் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் விவரத்தாள் எண்ணை மறந்துவிட்டு இந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

பின் சக்கரத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சில் மேல் கூடுதலாக 150 கிலோ ஏறினால் பக்கத்துக்குச் சுமார் 735 நியூட்டன். பின்பக்கம் 25 மி.மீ. இறங்கிவிடும். அழுத்தி பிரேக் பிடித்தால் மூக்கு 20, 30 மி.மீ. குனிவது சாதாரணம். ஆக, 90 என்று நினைத்தது அந்த நொடியில் 60 ஆகிறது. டயரையும் மறக்கக் கூடாது. 225/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 101 மி.மீ., 215/40 ஆர்17 டயருக்கு 86. ஸ்பிரிங்கைத் தொடாமலே 15 மி.மீ. போய்விட்டது.

அளக்கும்போது டயரில் சரியான காற்று, டேங்கில் பாதி எரிபொருள், ஓட்டுநர் இருக்கையில் ஆள், சமதளத் தரை, இந்த நான்கும் வேண்டும். டேப்பை அடியில் நீட்டிப் பார்ப்பதைவிட 70, 80, 90, 100 மி.மீ. உயரத்தில் மரக்கட்டைகள் வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது நம்பகமானது. லிப் (முன் பம்பரின் அடியில் பொருத்தும் விளிம்பு), சைடு ஸ்கர்ட் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்க விளிம்பு), சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), எக்ஸாஸ்ட் பைப் இணைப்பின் ஃபிளாஞ்ச் என்று ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். எது மிகத் தாழ்வு என்பது நினைத்ததற்கு மாறாகவே பெரும்பாலும் இருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியது என்பதற்கு மட்டும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் போதும். டயர் தேய்மானம் அந்தக் கணக்கில் குறுக்கே வராது.

வேகத்தடையில் உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் வளைவாகப் போட்ட மேட்டின் மேல் 2.6 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடைத்தூரம்) கொண்ட கார் நிற்கும்போது, நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். நடுவில் மேடு எழும்புவது சுமார் 49 மி.மீ. மட்டும். 90 மி.மீ. கிளியரன்ஸ் உள்ள கார் மெதுவாகப் போனால் தாராளமாகத் தாண்டும். அரை மீட்டர்கூட அகலம் இல்லாமல் 75 மி.மீ. உயரத்துக்குக் கட்டிய குட்டைத் தடை அப்படியல்ல. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாத நேரத்தில் அந்த 75 முழுவதும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். பார்வைக்குச் சின்னதாக இருக்கிற தடைதான் சம்பைப் பதம் பார்க்கிறது.

சரிவின் உச்சியில் வயிறு தட்டுவதும் இதே கணக்குதான். 2.6 மீட்டர் வீல்பேஸில் 130 மி.மீ. கிளியரன்ஸ் இருந்தால் உச்சியில் இரு சரிவுகளும் சேரும் சுமார் 11.4 டிகிரி முறிவைத் தாண்டலாம். 100 என்றால் 8.8, 70 என்றால் 6.2. முன்பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து லிப் 800 மி.மீ. முன்னால் இருந்தால், 120 மி.மீ. உயரத்தில் சுமார் 8.5 டிகிரி சரிவில் ஏறலாம். லிப் 80 மி.மீ.க்கு வந்துவிட்டால் 6 டிகிரிகூடத் தேறாது. லிப் கீழே இறங்குவதோடு முன்னாலும் நீளும் என்பதால் இரட்டை நஷ்டம். அதனால் ஸ்பிரிங்கை இறக்குவதா, லிப் போடுவதா என்று கேட்டால் ஒன்றைத்தான் முழுதாகச் செய்ய வேண்டும். 30 மி.மீ. ஸ்பிரிங்கோடு கம்பெனி பம்பரை வைத்துக்கொள்வது அன்றாட ஓட்டத்துக்குத் தாங்கும். கம்பெனி உயரத்தில் 30 மி.மீ. லிப் போடுவதும் தாங்கும். இரண்டையும் சேர்த்தால் மூக்கைத் தேவையானபோது தூக்கும் லிஃப்ட் கிட் இல்லாமல் ஓட்டுவது வேதனை.

குறுக்காக ஏறுவது வேலை செய்யும். 12 சதவீதச் சரிவை 45 டிகிரி கோணத்தில் ஏறினால் காருக்கு அது 8.5 சதவீதம்தான். ஆனால் சைடு ஸ்கர்ட் நீளமாகத் தொங்கினால் குறுக்காக ஏறும்போது அதுதான் முதலில் உரசும். சரிவு தொடங்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே பிரேக்கை விட்டுவிட வேண்டும். கடைசி நொடி வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே ஏறினால் குனிந்த மூக்கோடுதான் ஏறுகிறீர்கள்.

லிப்பின் பொருளைப் பொறுத்து ஆயுள் மாறும். ஃபைபர் கிளாஸ் வளையாது, போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். ஆனால் ரெசினும் கண்ணாடி நார் விரிப்பும் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டலாம். பாலியூரித்தேன் வளைந்து பழையபடி நிமிரும், அன்றாட வண்டிக்கு இதுதான் ஏற்றது. இதன் குறை, வெயிலில் போல்ட்டுகளுக்கு நடுவே தொய்ந்துவிடும். ஒவ்வொரு 150 முதல் 200 மி.மீ.க்கும் ஒரு பிடிப்பு வேண்டும். பெயின்ட்டில் வளைவு தாங்கும் சேர்மம் கலக்காவிட்டால் செதில் செதிலாக உரியும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் நடுத்தரம். கார்பன் ஃபைபர் லிப்பின் அடி விளிம்பு ஒருமுறை தேய்ந்தால் நார் பிரிந்துகொண்டே போகும். பார்வைக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

பொருத்தும் விதத்தில்தான் பெரிய சேதம் ஒளிந்திருக்கிறது. பெரிய வாஷர் போட்டு இரும்பு போல்ட்டால் நெருக்கமாக முறுக்கினால் லிப் அசையாது, உண்மை. ஆனால் இடிபட்டால் லிப்போடு பம்பரும் சேர்ந்து இழுபடும், ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்கும் கிளிப்புகள் உடையும். அடியில் பிளாஸ்டிக் ரிவெட், மேலே இரட்டைப் பக்க டேப் என்று இருந்தால் லிப் கழன்று விழும், பம்பர் தப்பும். பார்க்கிங்கில் சக்கரத்தை நிறுத்தப் போட்டிருக்கும் கட்டையில் இது நன்றாகத் தெரியும். முன்னால் போகும்போது லிப் வளைந்து கட்டையின் மேல் ஏறிவிடும். பின்னால் எடுக்கும்போது கட்டையில் கொக்கி போல மாட்டி பம்பரையே பிடுங்கும். மாட்டிவிட்டால் ரிவர்ஸ் போடாமல், முன் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி அடியில் 40 மி.மீ. பலகை வையுங்கள். லிப் கட்டையைத் தாண்டிய தூரத்தைவிடப் பலகை நீளமாக இருக்க வேண்டும்.

சஸ்பென்ஷன் பக்கம் வந்தால், உயரத்தைவிட அசையும் தூரம்தான் சொத்து. இறக்கிய அளவு அப்படியே பம்ப் ஸ்டாப்புக்கு (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர் கட்டை) நெருங்கிய அளவு. பம்ப் ஸ்டாப்பில் அடிக்கடி இடிக்கும் கார் குதிக்கும், ஷாக் அப்சார்பர் சீல் சீக்கிரம் எண்ணெய் கசியும். சோதிக்க எளிய வழி: ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஓட்டிப் பார்த்து, அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பை ஒட்டிக் கிடந்தால் பயணதூரம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் தயாரிப்பாளர் வெட்டச் சொன்ன அளவுக்கு மேல் பம்ப் ஸ்டாப்பை வெட்டாதீர்கள். அதை முழுதாக எடுத்துவிட்டால் உலோகமும் உலோகமும் மோதும்.

காயிலோவர் என்பது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு. அதில் ஸ்பிரிங் தட்டைத் திருகி இறக்கும் வகையில் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். அடிப் பிராக்கெட்டைத் திருகி மொத்த நீளத்தையே குறைக்கும் வகையில் அசையும் தூரம் மிஞ்சும். அதில் வேறு ஆபத்து: பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே டயர் ஃபெண்டர் லைனரிலோ, லிப் தரையிலோ இடிக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்குவது ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி நடக்கும் தவறு. காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி டார்க் (குறித்த அளவு முறுக்கு) கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து கிழியும். புது ஸ்பிரிங் சில மி.மீ. தானாகவே அமரும், அதனால் அலைன்மென்ட்டை அது அமர்ந்த பிறகு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். டயரின் உள்விளிம்பு தேய்வதற்குக் கேம்பரை (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) திட்டுவார்கள். அதிகம் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போல் இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஹெட்லைட் சாய்வைத் தானாகச் சரிசெய்யும் சென்சார் சஸ்பென்ஷன் கையில் இருந்தால் அதற்கும் மறுபடி கேலிப்ரேஷன் தேவை.

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. வேண்டாம், சம்புக்கு முன்னால் அடி வாங்குவது அதுதான். அதன் முன் விளிம்பில் ஒரு ஸ்க்ரூ காணாமல் போனால் வேகத்தில் காற்று உள்ளே புகுந்து முழுத் தட்டையும் கிழிக்கும். ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த விளிம்பை எண்ணிப் பாருங்கள். அலுமினியம் சம்ப் விரிசல் விடும், கசிவு உடனே தெரியும். இரும்புச் சம்ப் உள்நோக்கிக் குழிந்து ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயை நெருக்கும், வெளியே ஒரு சொட்டும் விழாது. பலமாகத் தட்டிய பிறகு ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த திருப்பம் வரைகூட ஓட்டக் கூடாது. அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

40 மி.மீ.க்கு மேல் தாழ்த்தியவர்களுக்கு முன்பக்க லிஃப்ட்தான் உண்மையான தீர்வு. கம்பெனி லிஃப்ட் உள்ள கார்வெட் சி8 மூக்கைச் சுமார் 40 மி.மீ. தூக்கும், தூக்க வேண்டிய 1000 இடங்கள் வரை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்திருக்கும். வெளியில் வாங்கிப் போடும் ஏர் கப் (காற்றழுத்தத்தில் விரிந்து காரைத் தூக்கும் கிண்ணம்) காயிலோவரின் ஸ்பிரிங்கோடு உட்காருகிறது. கப்பின் தடிமனே சரிசெய்யும் நீளத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், முதலில் காயிலோவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்க வேண்டும். தூக்கிய நிலையில் சக்கரம் கீழே இறங்க இடம் இருக்காது, வேகமாகப் போனால் டக் டக் என்று சத்தம் வரும். மெதுவாகத் தாண்டி உடனே இறக்கிவிடுங்கள். காற்று இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி தேடுங்கள். காற்று டேங்கில் சேரும் ஈரத்தை அவ்வப்போது வடிக்காவிட்டால் வால்வு துருப்பிடிக்கும்.

கடைசியாக ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி சைடு ஸ்கர்ட்டுக்கு அடியில் நுழையாமல் போகலாம். 75, 80 மி.மீ. தாழ்வுள்ள டிராலி ஜாக்கி ஒன்று வேண்டும். அதுவும் நுழையாவிட்டால் முதலில் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டு பிறகு ஜாக்கியைத் தள்ளுங்கள். ஸ்கர்ட்டின் விளிம்பில் முட்டுக்கொடுத்தால் அது அங்கேயே நொறுங்கும். ஜாக்கிப் புள்ளிக்குள் பொருந்தும் ரப்பர் பேடு ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள், பஞ்சர் ஆகிறபோது தேட நேரம் இருக்காது.