நாய் இரத்தமும் மனித இரத்தமும்: யுசிஎன்-01 காட்டிய வேறுபாடு

புற்றுநோய் மருந்துகளை மனிதருக்குத் தருமுன் எலியிலும் நாயிலும் சோதிக்கிறார்கள். யுசிஎன்-01 என்ற புற்றுநோய் மருந்தின் விஷயத்தில் அந்தச் சோதனைகள் நன்றாகவே ஏமாற்றிவிட்டன.

நாயின் உடலில் இம்மருந்தின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சில மணி நேரம். எலியில் அதைவிடக் குறைவு. அதாவது, ஒருநாளிலேயே பெரும்பகுதி வெளியேறிவிடும். அதை நம்பித்தான் 1990களில் அமெரிக்காவில் நடந்த முதல் மனிதச் சோதனையில், மூன்று நாள் தொடர்ந்து செலுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் தரத் திட்டமிட்டார்கள்.

மனித இரத்தத்தில் கதையே வேறு. அரை ஆயுள் பல நூறு மணி நேரம், அதாவது வாரக்கணக்கு! காரணம், ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதத்தின் மனித வடிவம் யுசிஎன்-01ஐ அட்டைபோலப் பற்றிக்கொள்கிறது. நாய், எலி வடிவங்களின் பிடி மிகத் தளர்வு. மனிதப் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) இப்புரதத்தோடு கட்டுண்ணாத மருந்து 0.02 சதவீதத்துக்கும் குறைவு. திசுக்களுக்குள் நுழைந்து வேலை செய்வது அந்தச் சொற்பப் பங்கு மட்டுமே. ஆகவே இரத்தத்தில் மொத்த அளவு எவ்வளவு உயர்ந்தாலும் அதைக் கண்டு மகிழ முடியாது. போதாக்குறைக்கு, அழற்சியிலும் புற்றுநோயிலும் இப்புரதத்தின் அளவு கூடுவதுண்டு. நோயாளிக்கு நோயாளி கணக்கு மாறும்.

என் பார்வையில், நாயின் முடிவுகள் பொய்யல்ல. அவை நாய்க்கு உரியவை. மனித பிளாஸ்மாவில் பிணைப்பை முதலிலேயே அளந்திருந்தால் மருந்து தரும் கால அட்டவணை வேறாக இருந்திருக்கும். பின்னர் இடைவெளியை நான்கு வாரமாக்கி, இரண்டாம் சுற்று முதல் மருந்தளவைப் பாதியாக்கினார்கள்.