வெட்ஸ்கேன் பறவை–ஊர்வன இரத்தப் பரிசோதனை வட்டு: நன்னீர் ஆமைகளுக்கு எந்த அளவு பயன்படும்?

நாய், பூனைகளுக்கென வாங்கிய வெட்ஸ்கேன் விஎஸ்2 என்ற இரத்தப் பரிசோதனைக் கருவி பல கால்நடை மருத்துவமனைகளின் மேசைமேல் ஏற்கனவே இருக்கிறது. அதே கருவியில் போடக்கூடிய ‘ஏவியன் ரெப்டிலியன் புரொஃபைல் பிளஸ்’ என்ற வட்டைப் பற்றியே இந்த மதிப்புரை. அபாக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி, 2018இல் அந்நிறுவனத்தை வாங்கிய சொயெட்டிஸ் வசம் இப்போது உள்ளது. வட்டுக்குள் 100 மைக்ரோலிட்டர் இரத்தமோ பிளாஸ்மாவோ விட்டால், சுமார் 12 நிமிடங்களில் கால்சியம், பாஸ்பரஸ், யூரிக் அமிலம், குளுக்கோஸ், ஏஎஸ்டி (கல்லீரலிலும் தசையிலும் உள்ள நொதி), சிகே (தசை நொதி), பித்த அமிலங்கள், சோடியம், பொட்டாசியம், மொத்தப் புரதம், அல்புமின், குளோபுலின் ஆகிய 12 அளவுகள் அச்சாகி வந்துவிடும்.

சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதிக்கப்பட்ட ஆமைகள் ரெட் இயர்டு ஸ்லைடரும் மலாயன் பெட்டி ஆமையும் மட்டுமே என்பதால், இங்கே ஆமை மருத்துவம் என்பது பெரும்பாலும் ஸ்லைடர் மருத்துவம்தான். அவற்றுக்கு இந்த வட்டின் முதல் சிறப்பு அது கேட்கும் இரத்தத்தின் அளவு. ஆமையின் உடலில் ஓடும் இரத்தம் உடல் எடையில் 5 முதல் 8 சதவீதம்; நலமான ஆமையிடமிருந்து அதில் பத்தில் ஒரு பங்குவரை எடுக்கலாம், நோயுற்றதிடம் அதற்கும் குறைவாகவே எடுக்க வேண்டும். ஆகவே 100 கிராம் ஆமைக்கு 0.5 மில்லிலிட்டர்தான் பாதுகாப்பான எல்லை என்று வைத்துக்கொண்டாலும், வட்டுக்குப் போக நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் பூசவும் பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்கவும் போதிய இரத்தம் மிஞ்சும். ஆனால் 10 கிராம் குஞ்சுக்கு இந்த 100 மைக்ரோலிட்டரே அதிகம். குஞ்சு எவ்வளவு சோர்ந்திருந்தாலும் அதை இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கருவியைவிட முக்கியமானது இரத்தம் எடுக்கப்படும் இடம். வால் சிரையிலும், மேலோட்டுக்கு அடியில் கழுத்தின் மேற்புறம் உள்ள சிரைக்குழியிலும் ஊசி எளிதாக நுழையும். ஆனால் அவ்விடங்களில் நிணநீர் இரத்தத்தோடு கலந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம். கலந்துவிட்டால் புரதமும் பிசிவியும் வெள்ளணு எண்ணிக்கையும் பொய்யாகக் குறையும்; நலமான ஆமைகூட இரத்தசோகை பிடித்ததுபோலத் தோன்றும். சிவப்பணு சிதைவையும் கொழுப்புக் கலங்கலையும் கண்டறிந்து எச்சரிக்கும் இக்கருவி, நிணநீர்க் கலப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையிடம் கழுத்தின் பக்கவாட்டிலுள்ள பெரிய சிரையைப் பிடிப்பது கடினம்தான். தேவைப்பட்டால் மயக்கமூட்டியாவது அங்கே எடுப்பதே நம்பகமான முடிவைத் தரும். குழாயும் இரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் பூசியதாக இருக்க வேண்டும், ஏனெனில் அதே வேலைக்கான மற்றொரு பொருளான ஈடிடிஏ பல ஆமையினங்களின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

இனி அளவுகளுக்கு வருவோம். இந்த வட்டு தன் விலைக்கு நியாயம் செய்வது கால்சியம், பாஸ்பரஸ் விஷயத்தில். காய்ந்த இறாலை மட்டுமே தின்று, வெயிலோ புறஊதா விளக்கோ காணாமல் வளர்ந்த ஸ்லைடரின் ஓடு மென்மையாகும்போது, மொத்தக் கால்சியம் இயல்பாகவே இருந்தும் பாஸ்பரஸ் அதை முந்தி நிற்பதைக் காணலாம்; கால்சியம் அளவை மட்டும் பார்த்து ஆறுதல் அடைபவர் ஏமாந்துபோவார். முட்டை உருவாகும் காலத்தில் பெண் ஆமைக்கு இரண்டுமே, புரதத்தோடு சேர்ந்து, உயர்ந்துவிடும். அது நோயன்று. ஏஎஸ்டி உயர்ந்திருந்தால் உடனே கல்லீரலைச் சந்தேகிக்காமல் சிகே அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிடித்து வைத்தபோது திமிறியதாலும், முன்தினம் தசையில் போட்ட ஊசியாலும் இரண்டும் ஏறக்கூடும்.

என் முக்கியக் குறை யூரியா இல்லாதது. பறவைகளும் தரைவாழ் ஊர்வனவும் நைட்ரஜன் கழிவைப் பெரிதும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன; ஸ்லைடர் போன்ற நீர்வாழ் ஆமைகளோ அம்மோனியாவாகவும் யூரியாவாகவும் வெளியேற்றுகின்றன. இரு கூட்டத்துக்கும் ஒரே வட்டு என்னும்போது, நன்னீர் ஆமையின் சிறுநீரகத்தைப் பற்றி இவ்வட்டு சொல்வது குறைவு. யூரிக் அமிலம் இயல்பாக இருக்கிறதென்று எழுதி அனுப்பும் அறிக்கையை உரிமையாளர் நற்செய்தியாக எடுத்துக்கொள்கிறார் என்பதே என்னை வருத்துகிறது. அல்புமின் எண்ணையும் நான் பெரிதாக நம்புவதில்லை. சாயம் கொண்டு அளக்கும் முறை ஊர்வனவற்றில் துல்லியமாக இருப்பதில்லை, புரதங்களை மின்புலத்தில் பிரித்து அளக்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் தேவைப்படும்.

தொற்று உண்டா என்ற கேள்விக்கும் வட்டிடம் விடை இல்லை; அதற்கு வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆமையின் சிவப்பணுக்களுக்கு உட்கரு உண்டு என்பதால், பாலூட்டிகளுக்கான தானியங்கி எண்ணும் கருவிகள் அவற்றையும் வெள்ளணுக்களையும் பிரித்தறியாமல் குழம்பும். நாட்–ஹெரிக் என்ற சாயக் கரைசலில் இரத்தத்தைக் கலந்து நுண்ணோக்கியில் கையால் எண்ண வேண்டும். கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தில் ஹெட்டெரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நஞ்சேறிய தோற்றம் காட்டுகின்றனவா, அணுக்களுக்குள் ஒட்டுண்ணி உண்டா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும், நேரமும் வேண்டும். இந்தப் பகுதியைச் செய்யாமல் வட்டின் அச்சுத்தாளை மட்டும் கொடுத்து ‘முழு இரத்தப் பரிசோதனை’ என்று கட்டணம் வாங்குவது சரியல்ல.

ஆமை பார்க்கும் மருத்துவமனைகள் இதை வாங்கலாம் என்றே சொல்வேன். வட்டுகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஆமைகள் அரிதாக வரும் இடத்தில் காலாவதித் தேதியைப் பார்த்துச் சிறிதளவே வாங்க வேண்டும். ஆமை வளர்ப்பவர்கள் அது நலமாக இருக்கும்போதே ஒருமுறை சோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துவது நல்லது. பருவம், பாலினம், வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்ப இவ்வளவுகள் பெரிதும் மாறுவதால், பின்னாளில் அது நோயுறும்போது ஒப்பிடுவதற்கு அதன் சொந்தப் பழைய அளவுகளைவிடச் சிறந்தது கிடைக்காது.