கூட்டுக் காசா, கர்த்தரா? வச்சுப் பாப்போம்
மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல சர்ச் முடிஞ்சு தே தாரிக் குடிக்கறப்ப அடிக்கடி வர்ற கேள்வி, கையில நாலு வெள்ளியும் (ரிங்கிட்) தெரிஞ்ச மனுஷனும் இருந்தா போதாதா, கர்த்தர நம்பணுமான்னு.

செலவு
மனுஷன்: மாசம் 200 வெள்ளி கூட்டு (எல்லாரும் மாசாமாசம் போட்டு, முறை வர்றப்ப ஒருத்தர் மொத்தத்தையும் எடுக்கற சீட்டு) கட்டினேன், என் முறை வந்த மாசம் தலைவி அக்கா வீட்டு கிரில்ல பூட்டு, வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கூட இல்ல, போலீஸ்ல சொல்லலாம்னா கூட்டையே தடை பண்ணி 1971லயே சட்டம் இருக்காம், நான் எங்க போய் நிக்க.
கர்த்தர்: காசு இல்ல, பொறுமைதான் போகும், அதுவும் லேசுப்பட்டது இல்ல.

தாங்குறது
பணம்: செம்பனை விலை எறங்குனா தூக்கம் போச்சு.
கர்த்தர்: எரேமியா 17ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கு, மனுஷன நம்புறவன் அந்தரவெளியில (வனாந்தரத்துல) கறளையாப்போன, வளராத செடி, கர்த்தர நம்புறவன் தண்ணி ஓரத்து மரம். அந்த மரத்துக்கும் வெயில் வருது, பஞ்சம் வருது, ஆனா இலை பச்சையா இருக்கு.

சுலபம்
மனுஷன்தான், போன் போட்டா எடுப்பான் (தலைவி அக்கா எடுக்கல).

பிள்ளைங்க படிப்புக்கா? பேங்க்ல போடுங்க, ஈபிஎஃப்ப (ஓய்வுகாலச் சேமிப்ப) தொடாதீங்க. 1 தீமோத்தேயு 6:17 பணமே வேணாம்னு சொல்லல, அதுமேல நம்பிக்கை வைக்காதன்னுதான் சொல்லுது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக் கெடந்தா மட்டும் பாஸ்புக்க எடுக்காதீங்க, நான் எடுத்துப் பாத்தவன்.