பிட்ச் பைபிளா, அனிமேட்டிக்கா?

சேனலில் கார்ட்டூன் தொடருக்கான யோசனையைச் சொல்லப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. பிட்ச் பைபிள் என்பது தொடரின் கதை, பாத்திரங்கள், உலகம் எல்லாவற்றையும் படங்களோடு விளக்கும் கையேடு. அனிமேட்டிக் என்பது வரைந்த படங்களைக் குரலோடு வரிசையாக ஓடவிடும் மாதிரி வீடியோ.

செலவு: பைபிளுக்கு ஒரு எழுத்தாளரும் ஓவியரும் போதும். அனிமேட்டிக்குக்கு ஸ்டோரிபோர்டு (காட்சிவாரியாக வரைந்த படங்கள்), தற்காலிகக் குரல், எடிட்டிங் எல்லாம் வேண்டும்.

திருத்தம்: "நாயகனுக்கு ஒரு தங்கை இருந்தால்?" என்று சேனல்காரர்கள் கேட்டால் பைபிளில் சில பக்கம் மாறும், அனிமேட்டிக்கில் பாதிப் படமே மாறும்.

சிரிப்பு: இங்கேதான் அனிமேட்டிக் ஜெயிக்கிறது. கதவைத் திறந்து, ஒரு நொடி விழித்து, மெல்ல மூடுவது காகிதத்தில் வெறும் வரி. திரையில் அந்த நொடிக்குத்தான் சிரிப்பார்கள். கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் குறும்படங்களாக ஒளிபரப்பிப் பார்த்த பிறகே 'பவர்பஃப் கேர்ள்ஸ்' போன்றவற்றைத் தொடராக்கியது.

பெரிய உலகம், நீளக் கதை என்றால் பைபிள். நகைச்சுவை என்றால் இரண்டு நிமிட அனிமேட்டிக். கூடவே நாலு பக்கக் குறிப்பும் கொடுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகு மேலதிகாரியிடம் கைமாறப் போவது அதுதான்.